பழைய வண்டிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்



இரண்டு சென்ட் நிலம் வாங்குவதென்றால் நாம் என்ன செய்கிறோம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். தாய்ப் பத்திரம் கேட்கிறோம். தெரிந்த வக்கீலிடம் காட்டி, அவர் சரியென்று சொன்ன பிறகுதான் முன்பணம் கொடுக்கிறோம். அதே நாம் மூன்று லட்சம், நான்கு லட்சம் கொடுத்து ஒரு பழைய லோடு வண்டி வாங்கும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம், இன்ஜினை முடுக்கிப் புகை பார்க்கிறோம், அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறோம். அந்த வண்டியின் மேல் யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை மட்டும் விற்பவர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இந்த ஒரு பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு, நம் ஊர்களில் குட்டியானை இல்லாத கடைத்தெருவே இல்லை என்று ஆகிவிட்டது. மாட்டு வண்டிக்கும் வாடகை லாரிக்கும் காத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் சொந்த வண்டியில் சரக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. எனவே நம்மில் பெரும்பாலோர் கைமாறிய வண்டியையே தேடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் இத்தகைய சரக்கு வண்டிகள் பெரும்பாலும் கடன் போட்டே எடுக்கப்படுபவை. ஆகவே நம் கைக்கு வரும் பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கடன் கணக்கு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். அந்தக் கணக்கு முடிந்துவிட்டதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வண்டிக் கடன் எப்படிப்பட்டது?

வண்டிக்குப் பைனான்ஸ் கொடுப்பதில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, நாம் எச்.பி. என்று சொல்லும் தவணைக் கொள்முதல். இதில் கடைசித் தவணை கட்டும் வரை வண்டியின் உரிமை பைனான்ஸ் கம்பெனியிடமே இருக்கும். மற்றொன்று ஹைப்பாதிகேஷன். இதில் வண்டி வாங்கியவருக்குச் சொந்தம், ஆனால் கடனுக்கு ஈடாக அதன் மேல் கொடுத்தவருக்குப் பிடிப்பு இருக்கும். இன்றைக்கு வங்கிகள் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகை. பேச்சு வழக்கில் இரண்டையும் எச்.பி. என்றே சொல்லிவிடுகிறோம். வாங்குகிறவருக்கு இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கடனில் எடுத்த வண்டியானால் அந்த விவரத்தைப் பதிவுச் சான்றில் எழுத வேண்டும். அப்படி எழுதியிருக்கும் வரை, கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்ய முடியாது. தவணை தவறி, ஒப்பந்தப்படி கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டால், தம் பெயரிலேயே புதிய பதிவுச் சான்று வாங்கிக்கொள்ளவும் அதே பிரிவில் வழி செய்யப்பட்டிருக்கிறது.

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னொரு அடிப்படையைச் சொல்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்பதுதான் அது. நாம் முழு விலை கொடுத்திருக்கலாம், கையெழுத்தும் வாங்கியிருக்கலாம். விற்றவரிடம் அரை உரிமைதான் இருந்தது என்றால் நமக்கு வந்ததும் அந்த அரை உரிமைதான். கடன் விற்றவரோடு போய்விடாது, வண்டியோடு சேர்ந்து நம் வாசலுக்கு வந்து நிற்கும்.

என் கண் முன் நடந்தது

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வாரம் இரண்டு முறை விருதுநகர் வந்து என்னிடம் பருப்பும் எண்ணெயும் எடுப்பார். கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டவில்லை என்று ஒரு புரோக்கர் மூலம் பழைய குட்டியானை ஒன்று வாங்கினார். விலை ரூ.2,65,000. ஆர்.சி.யில் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது. புரோக்கர், “ரெண்டே டியூதான் பாக்கி, அதை விக்கிறவரே கட்டிடுவார், அடுத்த மாசம் என்.ஓ.சி. வந்துரும்” என்றாராம். வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். முழுப் பணமும் கை மாறியது.

நாலாவது மாதம் என் கடையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவரை நான்கு வழிச் சாலையில் மறித்து வண்டியை சீஸ் செய்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் போனில் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, வண்டியைப் பிடிச்சிட்டாங்க. சரக்கை மட்டும் எறக்கிக்கோன்னு சொல்றாங்க.”

“நோட்டீஸ் ஒண்ணும் வரலையா தம்பி?”

“எனக்கு ஒண்ணும் வரலையே அண்ணாச்சி.”

வராதுதான். கம்பெனிக்கு இவர் யாரென்றே தெரியாது. அவர்கள் நோட்டீஸ் அனுப்பியது கடன் வாங்கியவரின் முகவரிக்கு. மறுநாள் போய் விசாரித்ததில் கட்ட வேண்டிய பாக்கி ரூ.1,90,000 என்றார்கள். தவறிய தவணைகளே ஒன்பது. அதையும் கட்டினால் அந்தப் பழைய வண்டி நாலரை லட்சத்தில் வந்து நிற்கும். அந்த விலைக்கு அந்த வண்டி பெறாது. விற்றவர் வீடு பூட்டிக் கிடந்தது. புரோக்கர், “நான் கமிஷனுக்கு முடிச்சு வெச்சவன்தானே” என்று ஒதுங்கிக்கொண்டார். போலீசில் புகார் கொடுத்தோம். கடனை மறைத்து விற்பது ஏமாற்றுக் குற்றமாகும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் அது வருகிறது. ஆனால் வழக்கு நடப்பது வேறு, பணம் திரும்புவது வேறு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று அவர் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அந்த வண்டியில் போயிற்று.

அந்தத் தம்பி ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. என் கடையில் மூட்டைக்கு ஐம்பது கிராம் எடை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வண்டிக்கு எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பதிவேட்டைப் பாருங்கள்

ஆர்.சி. புத்தகத்தையோ அட்டையையோ மூலமாகக் கையில் வாங்கிப் பாருங்கள். நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடன் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெயர் இல்லையென்றாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. கையில் உள்ள அட்டை பழையதாக இருக்கலாம். அட்டை அச்சான பிறகு கடன் பதிவாகியிருக்கலாம். அலுவலகப் பதிவேட்டில் இன்று என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

இதற்கு இப்போது வசதி இருக்கிறது. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலும் எம்-பரிவாஹன் செயலியிலும் செல்போன் எண்ணைப் பதிந்துகொண்டு வண்டி எண்ணைக் கொடுத்தால், வண்டியின் வகை, பதிவு செய்த நாள், எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு உண்டா என்பன போன்ற விவரங்கள் வரும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது, சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். நமக்குப் பழக்கமில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முழு விவரம் வேண்டுமானால் விற்பவரை உடன் அழைத்துக்கொண்டு, ஆர்.சி. பர்டிகுலர்ஸ் எனப்படும் பதிவு விவர அறிக்கைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ, வண்டிக்கு இந்த அறிக்கை அப்படி.

பார்க்கும் எண் சரியான வண்டியின் எண்ணாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்வது பழைய முறை என்றாலும் நல்ல முறை.

இன்சூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். கடன் உள்ள வண்டியானால் கடன் கொடுத்தவரின் பெயர் பாலிசியிலும் போடப்பட்டிருக்கும். ஆர்.சி.யில் பெயர் இல்லை, பாலிசியில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது என்றால், அல்லது ஆர்.சி.யில் ஒரு பெயரும் பாலிசியில் வேறு பெயரும் இருந்தால், விளக்கம் கிடைக்கும் வரை பேச்சை நிறுத்துங்கள்.

என்.ஓ.சி. என்பது இரண்டு வகை

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். புரோக்கர் என்.ஓ.சி. இருக்கிறது என்றால் எந்த என்.ஓ.சி. என்று கேட்க வேண்டும்.

ஒன்று, கடன் கொடுத்தவர் தருவது. கடன் தீர்ந்தது, இனி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். இதோடு படிவம் 35 சேர்ந்து வரும். இந்தப் படிவத்தில் வண்டி உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் ஆக இருவரும் கையெழுத்திட வேண்டும். இதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் பதிவேட்டில் உள்ள எச்.பி. நீங்கும்.

மற்றொன்று, ஆர்.டி.ஓ. அலுவலகம் தருவது. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகும்போது வாங்குவது. இதற்குப் படிவம் 28. வெளிமாநில வண்டி வாங்குகிறவர்களுக்கு இது அவசியம்.

இரண்டாவதைக் காட்டி முதலாவது இருப்பதுபோல் பேசுகிறவர்கள் உண்டு. அதேபோல, தவணைகள் முடிந்ததாகக் காட்டும் கணக்குத் தாளும் என்.ஓ.சி. ஆகாது. கடன் முடிந்த பிறகும் அபராத வட்டி, காசோலை திரும்பிய கட்டணம் என்று ஏதாவது பாக்கி நிற்கலாம். அதே ஆள் அதே கம்பெனியில் வேறொரு கடன் வாங்கியிருக்கலாம், அல்லது இன்னொருவருக்கு ஜாமீன் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கில் பாக்கி என்று சொல்லி இந்த வண்டியின் என்.ஓ.சி.யை நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு இடம் கொடுக்கும் நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஆகவே, “தவணை எல்லாம் முடிஞ்சு போச்சு” என்ற சொல்லுக்கு மதிப்பு, படிவம் 35 கைக்கு வந்த பிறகுதான்.

என்.ஓ.சி. கடிதத்தில் செல்லுபடிக் காலம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காலம் கடந்த கடிதத்தை அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். சந்தேகம் இருந்தால், கடிதத்தில் உள்ள போன் எண்ணை நம்பாமல், அந்தக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போய்க் கடன் கணக்கு எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். போலிக் கடிதம் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போதும்.

பாக்கி உள்ள வண்டியை வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல வண்டி, நியாயமான விலை, விற்பவரும் தெரிந்தவர் என்றால் வாங்கலாம். பணம் போகும் வழியை மட்டும் நாம் தீர்மானிக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பேசிய விலை ரூ.3,20,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பணமாக ரூ.10,000 மட்டும் கொடுத்து, அதற்கு ரசீதும், கடன் தீராவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற வாசகத்தோடு ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு விற்பவரோடு பைனான்ஸ் கிளைக்குப் போய், முழுக் கடனையும் முன்கூட்டி முடிக்க இன்ன தேதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அது ரூ.1,46,500 என்றால், அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்குக்கே டி.டி.யாகவோ ஆர்.டி.ஜி.எஸ். மூலமாகவோ நேரே செலுத்துங்கள். ரசீதில் கடன் கணக்கு எண் இருக்க வேண்டும்.

விலையில் இனி நிற்பது ரூ.1,63,500. என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வந்த அன்று ரூ.1,38,500 கொடுங்கள். மீதி ரூ.25,000-ஐ எச்.பி. நீங்கிப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு கொடுப்பதென்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நியாயமான ஆள் இதற்கு ஒப்புக்கொள்வார். ஒப்பாதவருக்கு நம்மைவிட அவசரம் அதிகம் என்று அர்த்தம். அந்த அவசரத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது.

“மீதித் தவணையை நீங்களே என் பேரில் கட்டிட்டு வாங்க, முடிஞ்சதும் மாத்திக்கலாம்” என்று ஒரு ஏற்பாடு நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். இதில் பணம் கட்டுவது நாம், வண்டி இருப்பது அவர் பெயரில், கடன் ஒப்பந்தமும் அவர் பெயரில். நடுவில் அவர் இறந்துபோனாலோ, வேறு கடனில் சிக்கினாலோ, மனம் மாறினாலோ நம் கையில் ரசீதுகள் மட்டுமே இருக்கும். கடன் தொடரத்தான் வேண்டும் என்றால், கம்பெனியின் சம்மதத்தோடு கடனையும் வண்டியையும் நம் பெயருக்கு முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரொக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல் முதல், ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு விழும். தொழிலுக்கு வாங்கும் வண்டிக்கு ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகைக்கு நம் கணக்கில் தேய்மானக் கழிவு கிடைக்காது. வங்கி வழியாகக் கொடுத்தால் வரிக்கும் நல்லது, பின்னால் தகராறு வந்தால் சாட்சிக்கும் நல்லது.

பதிவேட்டில் தெரியாத பாக்கிகள்

எச்.பி. இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். இன்னும் சில பாக்கிகள் உண்டு.

போக்குவரத்து அபராதம்: கேமரா பிடித்துப் போட்ட அபராதங்கள் வண்டி எண்ணின் மேல் நிற்கும். இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். பல வண்டிகளில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள், அல்லது விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வரியும் எஃப்.சி.யும்: சாலை வரி எதுவரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பின் வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேற்பட்டதென்றால் பெர்மிட்டையும் கேளுங்கள்.

ஆர்.சி. அடகு: இதுதான் கண்ணில் படாதது. அவசரத்துக்கு உள்ளூரில் யாரிடமாவது ஆர்.சி.யை அடகு வைத்துக் கைமாற்று வாங்கியிருப்பார்கள். பதிவேட்டில் இது ஏறாது. “ஆர்.சி. வீட்டில் இருக்கிறது, பெயர் மாற்றும்போது தருகிறேன்” என்று இழுத்தாலும், மூல ஆர்.சி. தொலைந்துவிட்டது என்று டூப்ளிகேட் காட்டினாலும் கொஞ்சம் விசாரியுங்கள். விற்பவரின் ஊரில் உள்ள நம் வியாபாரிகளில் ஒருவரைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். நம் சங்கத் தொடர்புக்கு இதைவிட நல்ல பயன் வேறு என்ன?

பாஸ்டேக்: விற்பவர் தம் பாஸ்டேக்கை முடித்துக்கொடுக்க வேண்டும். பழையது உயிரோடு இருந்தால் நமக்குப் புதியது எடுப்பதில் சிக்கல் வரும்.

ஏல வண்டியும் வாரிசு வண்டியும்

பைனான்ஸ் கம்பெனிகள் சீஸ் செய்த வண்டிகளை ஏலம் விடும்போது விலை குறைவாக இருக்கும். வாங்கலாம். ஆனால் பெயர் மாற்றத்துக்குரிய தாள்கள் யாரிடம் இருக்கின்றன என்பதை ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். கம்பெனி, படிவம் 36 மூலம் தம் பெயருக்குப் பதிவுச் சான்று மாற்றியிருக்கிறதா, இல்லையென்றால் பழைய உரிமையாளரின் கையெழுத்துள்ள படிவங்கள் உண்டா, ஆர்.சி. கைவசம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வரியும் அபராதமும் யார் பொறுப்பு என்பதையும் ஏல நிபந்தனையில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் எழுதியிருப்பார்கள்.

உரிமையாளர் இறந்துவிட்ட வண்டியை அவருடைய மகனோ தம்பியோ விற்க வந்தால், முதலில் வாரிசுகள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளட்டும். பிறகு நாம் வாங்கலாம். இறந்தவர் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்த படிவத்தை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெயர் மாறினால்தான் வண்டி நம்முடையது

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் படிவம் 29-உம், படிவம் 30-இல் இருவரும் கையெழுத்தும் வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் உள்ள செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் காலம் இது. ஆகவே அந்த எண் விற்பவரின் இன்றைய எண்தானா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு வரும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு, பாலிசி நம் பெயருக்கு மாறாவிட்டால் கிடைக்காமல் போகலாம். பாலிசியில் பழைய கடன்காரர் பெயர் இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டி முழுச் சேதமாகி இழப்பீடு வரும்போது அந்தப் பெயர் குறுக்கே நிற்கும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு சொல்

நாமும் ஒரு நாள் நம் பழைய வண்டியை விற்கிறோம். கடைசித் தவணை கட்டிய அன்றே என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி, எச்.பி.யை நீக்கிவிடுங்கள். விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறோம். அதற்குள் சிறிய பைனான்ஸ் கம்பெனி மூடப்பட்டிருக்கும், அல்லது பெரியதோடு சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். தனிநபர் கடன்களைப் பொறுத்தவரை, முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து பிடிப்பையும் நீக்க வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டது. இது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. குடும்பத்துக்குக் கார் எடுத்துக் கடன் முடித்தவர்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

விற்ற வண்டி நம் பெயரிலேயே ஓடவும் விடக் கூடாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு விபத்து வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. விற்றுப் பணத்தை எண்ணி வாங்கி, பல வருடம் கழிந்த பிறகும் அந்தப் பாரம் வந்து சேரும்.

சுருக்கமாக, கடைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள:

1. மூல ஆர்.சி., சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.
2. பரிவாஹனில் கடன் பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ் பார்க்க வேண்டும். இ-சலானில் அபராதம் பார்க்க வேண்டும்.
3. ஆர்.சி.யிலும் பாலிசியிலும் உள்ள கடன்காரர் பெயரை ஒப்பிட வேண்டும்.
4. கடன் இருந்தால் பணத்தைக் கடன் கணக்குக்கே நேரே கட்ட வேண்டும். விற்பவர் கையில் கொடுக்கக் கூடாது.
5. என்.ஓ.சி.யும் இருவர் கையெழுத்துள்ள படிவம் 35-உம் இல்லாமல் பெருந்தொகை கொடுக்கக் கூடாது.
6. பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்க வேண்டும்.
7. பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் அலைச்சலும் சில நூறு ரூபாயும்தான். நாம் ஒரு மூட்டைப் பருப்பை இறக்கும் முன் பில்லைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறோம், சாம்பிளைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். அந்த மூட்டைகளையெல்லாம் சுமக்கப்போகிற வண்டிக்கும் அதே கவனம் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சிறு வியாபாரி யாராவது வண்டி பார்க்கக் கிளம்பினால், முன்பணம் கொடுக்கும் முன் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.